படபடப்பு என்ற ஒரே சொல்

8-7-1974, திங்கள்

நாலாம் பீரியட், எட்டாம் வகுப்பு பி பிரிவு. கயிறு தாண்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தாண்டிக் காட்டாமல் வாயால் மட்டும் சொல்கிற உடற்பயிற்சி ஆசிரியை நான் இல்லை. பதினேழாவது தாண்டலில் மார்புக்குள் ஏதோ சொடுக்கியது. அவ்வளவுதான், நெஞ்சு தலைதெறிக்க ஓட ஆரம்பித்துவிட்டது.

விசிலை வாயில் வைத்தேன். ஊத மூச்சு இல்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு என் கழுத்தையே பார்த்தார்கள். தொண்டைக் குழி துடிப்பது வெளியே தெரிந்திருக்க வேண்டும். பத்து நிமிடம். பிறகு விளக்கை அணைத்தது போல் பட்டென்று நின்றது.

அதற்கப்புறம் மத்தியானம் முழுக்க ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருந்தேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் ஆகிறது, அதனால் எழுதி வைக்கிறேன். இது என் நோட்டு.

இந்த வருஷத்தில் இது ஐந்தாவது. முதலில் வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது, பயிற்சிக் கல்லூரியில். இப்போது இருபத்தெட்டு. இத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் சமாளித்தேன். இன்று நாற்பது பேர் பார்த்துவிட்டார்கள்.

10-7-1974, புதன்

எங்கள் தலைமையாசிரியை சரோஜா டீச்சர் அறைக்குக் கூப்பிட்டார். பள்ளிக்கு மாதம் ஒருமுறை வருகிற டாக்டர் அங்கே உட்கார்ந்திருந்தார். என் நாடியைக்கூடப் பிடிக்கவில்லை. வயது கேட்டார். கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டார். இல்லை என்றதும் தலையை ஆட்டிக்கொண்டே எழுத ஆரம்பித்துவிட்டார். சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ. ஹிஸ்டீரியாவாம். கல்யாணம் ஆனால் சரியாகிவிடுமாம்.

இன்னா நெனச்சிகினு கீறாங்க இவங்கல்லாம்? என் நெஞ்சு ஓடறது எனக்குத் தெரியாதா?

சீட்டை அவர் மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்தேன். இன்னொரு முறை மைதானத்தில் உட்கார்ந்தால் தாளாளரிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்று சரோஜா டீச்சர் சொன்னார். கோபமில்லாமல், மெதுவாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

11-7-1974, வியாழன்

அம்மாவிடம் சொன்னேன். அப்பா போன பிறகு மதுராந்தகம் பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அம்மா என்னோடு செங்கல்பட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. அம்மா பெயர் ஆராயி. ஆராயி என்றால் இந்தத் தெருவில் குழாயடிக்கே தெரியும். அந்த வாய்.

பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போய் வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டு வரலாம் என்றாள். நீ போய் வேண்டிக்கொள், நான் நாடியை எண்ணப்போகிறேன் என்றேன். ஓட்டப் பந்தயத்துக்கு வைத்திருக்கிற பள்ளி ஸ்டாப் வாட்சைச் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

28-7-1974, ஞாயிறு

சும்மா உட்கார்ந்திருந்தால் நாடி நிமிடத்துக்கு 74. தெருக்கோடி வரை ஓடிவிட்டு வந்தால் 130. நின்றதும் 120, 105, 90 என்று ஒவ்வொன்றாக இறங்குகிறது.

இன்று காலை துணி அலசக் குனிந்தபோது அந்தச் சொடுக்கு. கழுத்தில் விரல் வைத்து எண்ணினேன். கால் நிமிடத்துக்கு 47. அப்படியானால் 188. ஐந்து நிமிடம் கழித்தும் 47. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நின்றதும் நேராக 84.

பயந்தால் ஓடுகிற நெஞ்சு ஏறி இறங்கும். கோபித்தால் ஓடுகிற நெஞ்சும் அப்படித்தான், அதையும் எண்ணிப் பார்த்துவிட்டேன், அந்த டாக்டரை நினைத்துக்கொண்டு. இது அது இல்லை.

3-8-1974, சனி

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். இ.சி.ஜி. அறையில் மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர் கிஃபாயத்துல்லா என்று ஒருவர். நாற்பது வயதிருக்கும், வெற்றிலை வாய், எல்லோரும் பாய் என்று கூப்பிடுகிறார்கள். பெயர் கேட்டார். வேண்டா என்றேன். பேரு சொல்ல வேண்டாமா என்றார். பெயரே அதுதான், நாலாவது பெண், அப்பா வைத்தது என்றேன். பெரும்பாலும் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர் எழுதிக்கொண்டார்.

கைகால்களில் தகடு வைத்துக் கட்டி, மாரில் ரப்பர் குமிழ்களை ஒட்டி எடுத்தார். காகிதத்தில் ஒரு கோளாறும் இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நோய் இல்லை என்றால் அழுகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பாய் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "நல்லா இருக்கச்ச எடுத்தா நல்லாதாம்மா தெரியும். திருடன் போன அப்பறம் வூட்ட போட்டோ புடிச்சி இன்னா ஆவப்போவுது? அது ஓடிகினு இருக்கச்ச வா."

ஆனால் அது பத்து நிமிடத்தில் போய்விடுகிறதே என்றேன்.

அப்போ வேகமா வா என்றார்.

19-8-1974, திங்கள்

வந்தது. ரிக்‌ஷா பிடித்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது நின்றுவிட்டது. திரும்பி வந்தேன்.

2-9-1974, திங்கள்

வந்தது. ஆறு நிமிடம். கிளம்பவே நேரமில்லை.

14-9-1974, சனி

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மாமல்லபுரம் சுற்றுலா. அறுபத்திரண்டு பேர், நாலு ஆசிரியைகள். கடலில் கால் மட்டும் நனைக்கலாம் என்று சொல்லியிருந்தும் மூன்று பெண்கள் இடுப்பளவுக்குப் போய்விட்டார்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். கடைசிப் பெண்ணின் கையைப் பிடிக்கும்போது சொடுக்கியது. அவளைக் கரைப்பக்கம் தள்ளிவிட்டுத் திரும்பினேன், ஒரு அலை என்னைப் புரட்டிப் போட்டது.

தலை முழுக்கத் தண்ணீருக்குள். மூச்சை இறுக்கிப் பிடித்தேன், வயிற்றை எக்கினேன், வேறென்ன செய்ய. எழுந்து நின்றபோது நெஞ்சு அமைதியாக இருந்தது. ஓட ஆரம்பித்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஈரப் புடவையோடு கரையில் நின்று சிரித்தேன். டீச்சருக்கு என்ன ஆயிற்று என்று பிள்ளைகள் பார்த்தார்கள்.

24-9-1974, செவ்வாய்

இன்று வந்தபோது அண்டாத் தண்ணீரில் முகத்தை முக்கி மூச்சைப் பிடித்தேன். இருபது எண்ணுவதற்குள் நின்றது. அம்மா கத்திவிட்டாள், பெண் தண்ணீரில் தலையை விட்டுச் சாகப் பார்க்கிறாள் என்று.

30-9-1974, திங்கள்

தண்ணீர் இல்லாமல், மூக்கைப் பொத்தி, வாயை மூடி, அடிவயிற்றால் முக்கினாலும் நிற்கிறது. இரண்டு தடவை ஆயிற்று. ஒன்பது வருஷமாக என்னை ஓட்டிய ஒன்றை இப்போது என்னால் நிறுத்த முடிகிறது.

ஆனால் நிறுத்திவிட்டால் சாட்சி ஏது? நிறுத்தத் தெரிந்தவளை இவர்கள் எப்படி நம்புவார்கள்? பார்த்தாயா, மனசு வைத்தால் நிற்கிறது, ஹிஸ்டீரியாதான் என்பார்கள்.

அடுத்தது வந்தால் நிறுத்த மாட்டேன். ஓடட்டும்.

5-10-1974, சனி

இன்றைக்கே எழுத வேண்டும்.

திருக்கழுக்குன்றத்தில் எறிபந்துப் போட்டி, நான் நடுவர். பதினொன்று ஐந்துக்குச் சொடுக்கியது. விசிலை அந்தப் பள்ளி ஆசிரியையிடம் கொடுத்துவிட்டு நடந்தேன். ஓடவில்லை, நடந்தேன். பதினொன்று இருபதுக்குப் பஸ்.

பஸ்ஸில் உட்கார்ந்து நான் செய்த ஒரே வேலை, எதையும் செய்யாமல் இருந்தது. மூச்சைப் பிடிக்கக் கூடாது. முக்கக் கூடாது. இருமக் கூடாது. பக்கத்தில் ஒருவர் பீடி பிடித்தார், தொண்டை அரித்தது, எச்சிலை விழுங்கி விழுங்கி அடக்கினேன். நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கண் முன்னால் பூச்சி பறந்தது. வழியில் கத்தரிக்காய்க் கூடைகளைக் கூரைமேல் ஏற்றப் பஸ்ஸை நிறுத்தினார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள்.

கண்டக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சோடா வாங்கச் சொன்னார். ஒரு அம்மாள் சொம்பைத் திறந்துகொண்டு எழுந்து வந்தாள். "மூஞ்சில தண்ணி அடிச்சா சரியாப் பூடும், இரு."

"அடிக்காதீங்க. தண்ணி அடிச்சா நின்னுடும்."

அவள் என்னை எப்படிப் பார்த்தாள் என்று எழுதத் தேவையில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

பன்னிரண்டு பத்துக்குச் செங்கல்பட்டு. ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரி. பன்னிரண்டரைக்குப் பாய் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். திரும்பி என் கழுத்தைப் பார்த்தார். உடனே பூட்டைத் திறந்தார்.

தகடு கட்டும்போது அவர் கைதான் வேகமாக இருந்தது, முகம் சாதாரணமாக இருந்தது. காகிதம் வர ஆரம்பித்தது. அடுத்த அறைப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "டாக்டர், வாங்க. டீச்சரம்மா திருடனப் புடிச்சிகினு வந்துட்டாங்க."

டாக்டர் திருநாவுக்கரசு இளவயதுக்காரர். காகிதத்தை ஓரடி நீளத்துக்குப் பார்த்தார். 190 என்றார். என் கழுத்தில் ஒரு பக்கம் இரண்டு விரலால் அழுத்தித் தேய்த்தார். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. நெருக்கமாக வந்த கோடுகள் திடீரென்று நின்றன. ஒரு சின்ன வெற்றிடம். பிறகு ஒன்று. பிறகு ஒன்று. எல்லாம் அந்தக் காகிதத்தில் இருக்கிறது.

பராக்ஸிஸ்மல் டாக்கிகார்டியா. பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். திடீரென்று வந்து திடீரென்று போகிற வேக நாடி. நெஞ்சில் வேறு குறை இல்லை, வால்வு நன்றாக இருக்கிறது என்றார். நெஞ்சைத் துடிக்க வைக்கிற மின்சாரம் போகிற பாதையில் கூடுதலாக ஒரு சந்து இருக்கிறதாம், சில சமயம் அதற்குள் போய்ச் சுற்றிக்கொண்டே இருக்குமாம். மூச்சைப் பிடித்து நிறுத்தியதைச் சொன்னேன். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்றார். கடல் என்றேன்.

காலை மாலை ஒரு மாத்திரை, புரோபிரனலால்.

வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எனக்கு நோய் இருக்கிறது. எனக்கு நிஜமாகவே நோய் இருக்கிறது.

7-10-1974, திங்கள்

டாக்டரின் கடிதத்தைச் சரோஜா டீச்சரிடம் கொடுத்தேன். மனசுக்குள் கொஞ்சம் கர்வத்தோடுதான் கொடுத்தேன். படித்தார். முகம் வெளிறிவிட்டது.

ஹார்ட்டா என்றார்.

இதற்கு முன் அவர் வேலை பார்த்த பள்ளியில் பாட்டு டீச்சர் ஒருவர் காலைப் பிரார்த்தனையில் சரிந்து விழுந்தாராம். தலையை மடியில் வைத்துக்கொண்டு சரோஜா டீச்சர் உட்கார்ந்திருக்க, உயிர் போய்விட்டதாம். பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நின்று பார்த்தார்களாம். இன்னொரு தடவை என்னால் அதைப் பார்க்க முடியாது, வேண்டா என்றார்.

நாளையிலிருந்து எனக்குத் தையல் வகுப்பு. மைதானம் கிடையாது.

நேற்றுவரை நோய் இல்லாதவள், அதனால் நடிக்கிறேன். இன்று நோய் உள்ளவள், அதனால் சாகப்போகிறேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இல்லையா?

8-10-1974, செவ்வாய்

ஊசியில் நூல் கோர்த்தேன்.

17-11-1974, ஞாயிறு

பெரியக்கா வீட்டுக்காரர் சம்பத் மாமா ஒரு வரனோடு வந்தார். கூடுவாஞ்சேரிக்காரர், ரயில்வேயில் வேலை. நெஞ்சு விஷயத்தை மட்டும் இப்போதைக்குச் சொல்லாதே என்று சமையலறையில் வந்து கிசுகிசுத்தார். காப்பித் தட்டைக் கொண்டுபோய் வைத்த கையோடு சொல்லிவிட்டேன். எத்தனை ஓடும், எப்படி நிற்கும், எல்லாம். ரயில்வேக்காரர் கேட்டுக்கொண்டே கேசரியை முடித்தார். அவர் அம்மா எழுந்துவிட்டார்.

மாமா என்னோடு பேசாமல் போனார். அம்மா வாசல்வரை போய் வந்து, "உட்றி, கேசரி நமக்கு மிச்சம்" என்றாள்.

14-12-1974, சனி

மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போவது வழக்கமாகிவிட்டது. மாத்திரையால் அந்த ஓட்டம் வருவது பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது. இன்று கூட்டம் இல்லை. நெஞ்சு நோய் என்றால் எல்லாம் ஒன்றா என்று பாயைக் கேட்டேன். இழுப்பறையைத் திறந்து பழைய காகிதங்களை எடுத்துப் போட்டார். பெயர்களைக் கத்தரித்துவிட்டு, பயிற்சிக்கு வருகிறவர்களுக்குக் காட்ட வைத்திருக்கிறாராம்.

எனக்கு எப்படிப் புரிந்ததோ அப்படி எழுதுகிறேன்.

என்னுடையது, அணிவகுப்பில் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து திடீரென்று ஓடுவது போல. வேகம் அதிகம், கால் தவறுவதில்லை.

இரண்டாவது காகிதத்தில் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி எந்த இரண்டும் ஒன்றாக இல்லை. வரிசையே இல்லை, ஆளுக்கொரு பக்கம். இதயத்தின் மேல் அறை வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கிறதாம். வால்வு கெட்டவர்களுக்கு நிறைய வருமாம். உள்ளே ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்விட்டால் கை கால் விழுந்துவிடுமாம். கடப்பாக்கத்து மீனவர் ஒருவருடைய காகிதம் அது.

மூன்றாவதில் நடுவில் ஒருத்தி மட்டும் முந்திக் கால் வைக்கிறாள், பிறகு ஒரு சின்ன நிறுத்தம், பிறகு பழையபடி. நெஞ்சு ஒரு தரம் நின்று குதித்தது போல இருக்கும். மற்றபடி நல்ல நெஞ்சாக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. பாய்க்கே இது இருக்கிறதாம். வெற்றிலையா டீயா தெரியவில்லை என்றார்.

நாலாவது மெதுவானது. மேல் அறை விசில் ஊதுகிறது, கீழ் அறைக்குக் கேட்கவில்லை. கேட்காததால் அது பாட்டுக்குத் தன் இஷ்டப்படி மெல்ல அடிக்கிறது. நிமிடத்துக்கு முப்பது, முப்பத்தைந்து. மயக்கம் வந்து விழுவார்கள்.

ஐந்தாவதைக் காட்டிவிட்டு உடனே மடித்துவிட்டார். கீழ் அறையே கிறுக்குப் பிடித்து ஓடுவது. அகலம் அகலமான கோடுகள். "இது ரொம்பப் பொல்லாதது" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

"வர்றவங்க எல்லாம் ஒரே வார்த்ததான் சொல்றாங்க டீச்சரம்மா, படபடப்பு. எனக்கு அது ஒரு பேஜாரு. படபடப்புன்னா இன்னா? அஞ்சும் படபடப்புதான்."

தையல் வகுப்பில் இருபத்தாறு கைக்குட்டை முடித்தாயிற்று. மைதானத்தைத் திருப்பிக் கேட்டுத் தாளாளருக்கு மனு எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

5-1-1975, ஞாயிறு

அம்மாவுக்கும் நெஞ்சு படபடப்பாக இருக்கிறதாம். என் மாத்திரையில் ஒன்று கொடுத்தேன்.

7-1-1975, செவ்வாய்

அம்மாவுக்குத் தேவலையாம். அசதி மட்டும் இருக்கிறதாம். காலை மாலை கொடுக்கிறேன். மனு மூன்றாம் முறை திருத்தி எழுதினேன்.

11-1-1975, சனி

அம்மா குழாயடியில் விழுந்துவிட்டாள்.

குடத்தைத் தூக்கக் குனிந்தவள் அப்படியே சாய்ந்தாளாம். நான் ஓடிப் போகும்போது கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கையைப் பிடித்தேன். ஒன்று. எங்கே அடுத்தது, எங்கே அடுத்தது என்று காத்திருந்தேன். பிறகு ஒன்று. நிமிடத்துக்கு முப்பத்திரண்டு.

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த இடத்திலேயே, சேற்றில் உட்கார்ந்துகொண்டே தெரிந்துவிட்டது. நாலாவது காகிதம்.

நான் எண்ணவே இல்ல. ஊர் உலகத்துக்கெல்லாம் எண்ணு எண்ணுன்னு சொல்லிகினு திரிஞ்சேன். என் அம்மா கையை ஒரு தரம் புடிச்சிப் பாக்கல. படபடப்புன்னா, உடனே என் மாத்திர.

பாய் காகிதம் எடுத்தார். டாக்டர் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மெதுவாக ஓடுகிற நெஞ்சை இன்னும் மெதுவாக்குகிற மாத்திரையம்மா அது என்றார். அம்மாவுக்கு ஏற்கெனவே அந்தப் பாதையில் கொஞ்சம் தடை இருந்திருக்கிறது. மெல்ல, பலமாக அடிக்கிற ஒவ்வொரு அடியும் மாரில் இடித்திருக்கிறது. அதற்கு அவளுக்குத் தெரிந்த வார்த்தை படபடப்பு. நான் கொடுத்தது கதவை முழுக்கச் சாத்திவிட்டது.

வார்டில் படுத்திருக்கிறாள். ஊசி போட்டிருக்கிறார்கள். 34.

12-1-1975, ஞாயிறு

36. 38. சாயங்காலம் 41.

14-1-1975, செவ்வாய்

பொங்கல். வார்டுக்குப் பாய் வீட்டிலிருந்து அவர் மனைவி ராபியா எங்களுக்குச் சாப்பாடு அனுப்பியிருந்தார். அம்மாவுக்கு 52. எழுந்து உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரியோடு சண்டை போட்டாள். நிம்மதியாக இருந்தது.

மாத்திரை இல்லாமலும் மயக்கம் வந்தால் மெட்ராஸுக்குப் போய்த் தோலுக்கு அடியில் பேட்டரி வைத்த கருவி பொருத்த வேண்டியிருக்கும் என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னார்.

"பேட்டரியா? நான் இன்னா டார்ச் லைட்டா?"

பிறகு என்னைப் பார்த்து, "நீ ஏண்டி மூஞ்சிய தூக்கி வெச்சிகினு கீற? தெரியாமதான குட்த்த" என்றாள். தெரியாமல் இல்லை அம்மா. தெரிந்தும் பார்க்காமல் கொடுத்தேன். அதைச் சொன்னேன். அவள் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலித்தது. கையில் பலம் வந்துவிட்டது.

15-2-1975, சனி

பள்ளிக் குழுக் கூட்டம். தாளாளர் ராமானுஜம், சரோஜா டீச்சர், இன்னும் மூன்று பேர். மனுவை மேஜைமேல் வைத்தேன், டாக்டரின் தகுதிச் சான்றை வைத்தேன். பாயிடம் இரவல் வாங்கிய காகிதங்களையும் விரித்து வைத்தேன்.

தாளாளர் நல்ல மனிதர், பொறுமையாகத்தான் கேட்டார். முடிவில், எல்லாம் இதயம்தானே அம்மா, நாளைக்கு மைதானத்தில் ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்றார்.

வீட்டில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோனது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எல்லாம் ஒண்ணுதான்னு நெனச்சி எங்க அம்மாவுக்கு என் மாத்திரையைக் குடுத்தேன் சார். செத்துப் பொழைச்சாங்க. நான் அவங்களுக்குச் செஞ்சதைத்தான் நீங்க எனக்குச் செய்யறீங்க. அந்தப் பாட்டு டீச்சருக்கு வந்தது எனக்கு வரலை. எனக்கு வந்தது இது." காகிதத்தில் விரலை வைத்துக் காட்டினேன். "இதை எனக்கு நிறுத்தத் தெரியும். பிள்ளைங்களுக்கு முன்னாலயே நிறுத்தறேன். அவங்களும் தெரிஞ்சிக்கட்டும்."

என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். முக்கால் மணி நேரம் தையல் மெஷின் பக்கத்தில் நின்றேன்.

மூன்று மாதம் மைதானத்தில் பார்க்கலாம் என்று முடிவு. மூன்று பேர் சம்மதம், இரண்டு பேர் எதிர்ப்பு. எதிர்த்தவர்களில் சரோஜா டீச்சர் ஒருவர். வெளியே வந்து அதை அவரே என்னிடம் சொன்னார். மறைக்காமல் சொன்னதற்காக வணக்கம் சொன்னேன். மனசுக்குள் வேறு ஏதோ சொன்னேன், அது இங்கே வேண்டாம்.

17-2-1975, திங்கள்

மைதானம். முதல் பீரியட். ஊதினேன்.

6-3-1975, வியாழன்

ஒன்பதாம் வகுப்புக்கு ஓட்டப் பயிற்சியின்போது வந்தது. மாத்திரை சாப்பிட்டும் எப்போதாவது வரத்தான் செய்கிறது. பிள்ளைகளைச் சுற்றி உட்காரச் சொன்னேன். ஒருத்தியை என் கையைப் பிடித்து எண்ணச் சொன்னேன். அவளால் எண்ண முடியவில்லை, அவ்வளவு வேகம். மூக்கைப் பொத்தி முக்கினேன். முதல் தடவை நிற்கவில்லை. இரண்டாவதில் நின்றது. நின்ற அந்த நொடியில் அவள் கண் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே.

மாடி ஜன்னலில் சரோஜா டீச்சர் நின்றிருந்தார். கீழே இறங்கி வரவில்லை.

21-5-1975, புதன்

மூன்று மாதம் முடிந்து வேலை பழையபடி என்று தபாலில் கடிதம் வந்தது. அம்மாவுக்கு இன்று 54. தினமும் காலையில் காப்பிக்கு முன் கையை நீட்டிவிடுகிறாள், வரி கட்டுகிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

25-8-1975, திங்கள்

மத்தியான இடைவேளையில் விளையாட்டுச் சாமான் அறையில் கிழிந்த எறிபந்து வலைகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சரோஜா டீச்சர் வந்தார். இந்த அறைக்கு அவர் வந்து நான் பார்த்ததில்லை. கதவைச் சாத்தினார். பந்து மூட்டைமேல் உட்கார்ந்தார்.

பிறகு இடது கை வளையலை மேலே தள்ளிவிட்டுக் கையை என் பக்கம் நீட்டினார்.

"ரெண்டு வாரமா இருக்கு வேண்டா. படபடப்பு."

"எப்படிப் படபடப்பு டீச்சர்?"

சொல்ல முயன்றார். மறுபடியும் அதே ஒரு சொல்தான் வந்தது. மணிக்கட்டில் விரலை வைத்தேன். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குகிற வழக்கத்தை விட்டு, முழு நிமிடம் எண்ணினேன். ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் எந்த இரண்டும் ஒன்றாக இல்லை. சில அடிகள் விரலுக்கு எட்டவே இல்லை. இன்னொரு நிமிடம் எண்ணினேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்வது எப்படி என்று பாயிடம் பார்த்திருக்கிறேன்.

பாயின் இரண்டாவது காகிதம் என்று எனக்குத் தோன்றியதைச் சொல்லவில்லை. அதைச் சொல்ல ஒரு மெஷின் இருக்கிறது. இப்போதே போகலாம் என்று மட்டும் சொன்னேன். பள்ளி விட்ட பிறகு பார்க்கலாமே என்றார். இல்லை, இப்போதே என்றேன்.

எழுந்து அலுவலக அறைக்குப் போய் விடுப்பு நோட்டை எடுத்தார். அரைநாள் என்று அவர் பெயரை எழுதி, கீழே என் பெயரையும் அவரே எழுதினார்.

நடக்க விடாமல் ரிக்‌ஷா கூப்பிட்டேன். ஏறும்போது என் கையைப் பிடித்தவர் ஆஸ்பத்திரி வாசல் வரை விடவில்லை. அவர் மணிக்கட்டு என் விரல்களுக்குள்ளேதான் இருந்தது. எண்ணியிருக்கலாம். எண்ணவில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தேன்.